இரும்பும் கந்தகமும்: கலப்பும் சேர்க்கையும்

தமிழில் சொல்லின் முதலில் லகரம் வாராது என்பது இலக்கணம் கற்றோர் அறிந்தது. அதனால் வடமொழியின் 'லோஹம்' நம் மொழிக்குள் நுழைந்தபோது ஓர் உகரத்தைத் துணைக்கு அழைத்துக்கொண்டு 'உலோகம்' ஆயிற்று. பிற்காலத்தில், உலோகம் அல்லாத தனிமங்களுக்கும் ஒரு பெயர் வேண்டியதாயிற்று. எதிர்மறைப் பொருள் தரும் அகரம் முன்வந்து நின்றது, லகரம் சொல்லின் இடைக்குச் சென்றுவிட்டமையால் உகரத்திற்கு வேலை இல்லாது போயிற்று, 'அலோகம்' பிறந்தது. ஈழத்துப் பாடநூலார் இதனையே 'அல்லுலோகம்' என்பர். அவர்தம் சொல்லில் உகரமும் தங்கியிருக்கிறது, 'அல்' என்னும் தமிழ்ப் பகுதியும் அமர்ந்திருக்கிறது. நம்முடையது சுருக்கமானது, அவர்களுடையது தன் பொருளைத் தானே சொல்வது. தேர்ந்தெடுக்கும் உரிமை எனக்கு இருந்திருப்பின் ஈழத்தார் பக்கமே சாய்ந்திருப்பேன்.

இச்சொல்லாராய்ச்சி ஈண்டு எதற்கு எனின், நம் தமிழ்ப் பேரவையின் அறிவியல் தமிழ் அமர்வு ஒன்றில், வேதியியல் துறையினர் மேசை மீது ஒரு சோதனையைச் செய்துகாட்ட, தமிழ் இலக்கிய மாணவர்கள் அதனைத் தமிழில் விளக்கினர். உலோகம் ஒன்று அலோகம் ஒன்றுடன் வினைபுரியும் சோதனை அது. அவையில் இருந்த பெரியவர்கள் சிலர், "இதனை எழுத்தில் தந்தால் வீட்டில் உள்ளோரும் படிப்பார்களே" என்றனர். அவர்கள் விருப்பமே இக்கட்டுரை.

உலோகமும் அலோகமும் சேர்ந்த சேர்க்கைகளில் நம் நாவுக்கு மிக நெருங்கியது உப்பு. சோடியம் என்னும் உலோகமும் குளோரின் என்னும் நச்சு வாயுவும் சேர்ந்ததே, எண்ணூர்ப் பக்கத்து உப்பளங்களை அறிந்த முதியோர் மூட்டை மூட்டையாகக் கண்ட அந்த வெண்பொருள். ஆயின் சோடியம் நீரைக் கண்டால் வெடிக்கும். குளோரின் நுரையீரலை அரிக்கும். மாணவர் கூடிய அறையில் செய்யத்தக்கது அன்று. ஆகவே ஆசிரியர்கள் நெடுங்காலமாகத் தேர்ந்துவரும் இணை இரும்பும் கந்தகமும் ஆகும். ஒன்பதாம் வகுப்பு அறிவியல் நூலிலேயே இச்சோதனை இடம்பெற்றுள்ளது.

வேண்டுவன மிகச் சில. இரும்புத் தூள் 7 கிராம், கந்தகப் பொடி 4 கிராம், ஒரு காந்தம், கெட்டிக் கண்ணாடிச் சோதனைக் குழாய் ஒன்று, ஒரு பர்னர். 7க்கு 4 என்னும் விகிதம் ஆசிரியர் மனம்போனபடி வைத்ததன்று. இரும்பின் அணு நிறை ஏறத்தாழ 56, கந்தகத்தினுடையது 32. ஓர் இரும்பணுவுக்கு ஒரு கந்தக அணு என்று கணக்கிட்டால் 56க்கு 32. சுருக்கினால் 7க்கு 4. இந்த அளவில் எடுத்தால் ஒன்றும் மிஞ்சாது, 11 கிராம் புதுப்பொருள் கிடைக்கும். இரும்பை 10 கிராமாகக் கூட்டினாலும் அதே 11 கிராம்தான். 3 கிராம் இரும்பு ஏதும் செய்யாமல் எஞ்சிக் கிடக்கும். பிரெஞ்சு வேதியியலார் பிரௌஸ்ட் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் நிலைநாட்டிய மாறா விகித விதி இதுவே. சமையலில் உப்பு கூடினால் குழம்பு கரிக்கும். இங்கோ கூடியது ஒதுங்கி நின்றுவிடும்.

முதலில் இரு பொடிகளையும் ஒரு தாளில் கொட்டிக் கலக்கினர். கரும்பொடியும் மஞ்சட்பொடியும் சேர்ந்து சாம்பல் கலந்த பச்சை போன்றதொரு நிறம் வந்தது. "மாறிவிட்டதே!" என்றார் முன்வரிசைப் பெரியவர் ஒருவர். மாறவில்லை. காந்தத்தைத் தாளில் சுற்றி மேலே கொண்டுசென்றபோது, இரும்புத் துகள்கள் முள்முள்ளாக எழுந்து அதில் ஒட்டிக்கொண்டன. கீழே மஞ்சள் பொடி தன்னந்தனியே கிடந்தது. உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தால் கருந்துகள் கருந்துகளாகவும் மஞ்சள் துகள் மஞ்சளாகவும் அருகருகே இருப்பது தெரியும். இது கலவை. (காந்தத்தைத் தாளில் சுற்றாமல் வைத்துவிட்டால், ஒட்டிய தூளை எடுக்க மறுநாள் வரை பாடுபட வேண்டும். ஆய்வக உதவியாளர்கள் இதில் மட்டும் யாருக்கும் சலுகை தருவதில்லை.)

பின்னர் அதே கலவையைச் சோதனைக் குழாயில் இட்டு, வாயில் சிறிது கனிமப் பஞ்சை அடைத்து, அடிப்பகுதியைச் சூடேற்றினர். கந்தகம் ஏறத்தாழ 115 பாகை செல்சியசில் உருகத் தொடங்கும். சிறிது நேரத்தில் குழாயின் அடியில் ஒரு செம்பொறி தோன்றியது. உடனே பர்னரை அகற்றிவிட்டனர். தீ அகன்ற பின்னும் அச்செம்மை அணையவில்லை; அடியிலிருந்து மேலே மேலே ஊர்ந்து குழாய் முழுதும் கனன்றது. அவை ஒரு கணம் வாய்மூடிற்று.

இவ்விடமே சோதனையின் உயிர்நிலை. வெளியிலிருந்து தந்த வெப்பம் தொடங்கிவைக்க மட்டுமே பயன்பட்டது. அதன்பின் கனன்றது, இரும்பும் கந்தகமும் சேரும்போது தாமே வெளியிட்ட ஆற்றல். 56 கிராம் இரும்பு 32 கிராம் கந்தகத்துடன் சேருங்கால் சுமார் 100 கிலோஜூல் வெப்பம் வெளிப்படும். நிலையற்ற இருவர் சேர்ந்து நிலைபெறும்போது வெளியேறும் மிச்சம் என அதனைக் கொள்ளலாம். இரும்பணு தன் வெளிக்கூட்டிலிருந்து இரண்டு எலக்ட்ரான்களை விட்டுக்கொடுக்கிறது. கந்தக அணு அவ்விரண்டையும் ஏற்கிறது. உலோகங்கள் ஈவன, அலோகங்கள் ஏற்பன. ஈவோரும் ஏற்போரும் இன்றிப் புறநானூற்றுலகம் இயங்காததுபோலவே வேதியியல் உலகமும் இயங்காது. ஆயினும், வேதியியல் நண்பர் என்னை இடைமறித்துச் சொன்னதையும் எழுதிவிட வேண்டும்: இரும்பு சல்பைடில் நடப்பது முழுக்கொடை அன்று, பாதி கொடை, பாதி பங்கு. உப்பில் நடப்பதே முழுக்கொடைக்கு அணித்தானது.

குழாய் ஆறியபின் உடைத்து எடுத்தனர். கரிய சாம்பல் நிறக் கட்டி. அதனை உரலில் இட்டுப் பொடித்து மீண்டும் காந்தத்தைக் காட்டினர். பெரும்பகுதி அசையவில்லை. மஞ்சளையும் எங்கும் காணோம். இதுவே சேர்மம், பெயர் இரும்பு சல்பைடு. ஓரிரு துகள்கள் காந்தத்தை நாடியதைக் கண்டு மாணவர் சிலர் சிரித்தனர். வினையில் சேராமல் தப்பிய இரும்பு அது. பாடநூலின் படம்போல் முழுமையாக எதுவும் ஆய்வகத்தில் நிகழ்வதில்லை. அத்துகள்களை மறைத்துவைக்காமல் காட்டிய மாணவியை நான் பாராட்டினேன்.

தமிழ் மாணவர்க்கு இவ்வேறுபாட்டைப் புணர்ச்சி இலக்கணம் கொண்டு விளக்குவது எளிது. வாழை, மரம் என்னும் இரண்டும் சேர்ந்து வாழைமரம் ஆகும்போது எந்த எழுத்தும் மாறவில்லை, இயல்பு புணர்ச்சி. கலவையும் அத்தகையதே. பொன், குடம் இரண்டும் சேர்ந்து பொற்குடம் ஆகும்போது னகரம் றகரமாகத் திரிகிறது, விகாரப் புணர்ச்சி. சேர்மத்தை இதனோடு ஒப்பிடலாம். ஆயின் உவமையை எல்லை கடந்து இழுக்கலாகாது. பொற்குடத்தை முதலாண்டு மாணவனும் ஒரு நொடியில் பொன் எனவும் குடம் எனவும் பிரித்துவிடுவான். இரும்பு சல்பைடை இரும்பாகவும் கந்தகமாகவும் பிரிக்கக் காந்தமும் போதாது, கையும் போதாது; மற்றொரு வேதிவினையே வேண்டும்.

கந்தகம் என்னும் பெயரிலும் ஒரு வேடிக்கை உண்டு. 'கந்தம்' என்றால் மணம். எனினும் தூய கந்தகத்திற்கு மணம் மிகக் குறைவு. மூக்கைத் துளைப்பவை எல்லாம் அதன் சேர்மங்களே. எரித்தால் வரும் கந்தக டை ஆக்சைடு தொண்டையைக் கரகரக்கச் செய்யும். ஹைட்ரஜனோடு சேர்ந்தால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். முன்னோர் கந்தகத்தை எரித்தும் வேறொன்றோடு கலந்தும் முகர்ந்த அனுபவத்திலேயே அதற்குப் பெயர் சூட்டியிருத்தல் வேண்டும்.

அரபு மொழியில் கந்தகம் 'கிப்ரீத்'. வளைகுடா நாடுகளில் உழைத்துத் திரும்பிய நம் பெரியவர்களிடம் கிப்ரீத் என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள், தீப்பெட்டி என்பார்கள். இரண்டுக்கும் அரபியில் ஒரே சொல்தான். தீக்குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட்டுடன் கந்தகமும் உண்டு. பெட்டியின் பக்கத்தில் பூசியிருப்பது சிவப்புப் பாஸ்பரஸ். உரசும்போது மூக்கில் ஏறும் நெடி கந்தகத்தினுடையது. திருவொற்றியூரில் தீப்பெட்டி செய்த விம்கோ நிறுவனத்தின் பெயர் தொடர்வண்டி நிலையத்திற்கும், 2021 பிப்ரவரியில் திறக்கப்பட்ட மெட்ரோ நிலையத்திற்கும் இன்று நிலைத்துவிட்டது. அரபி அறிந்தவர் விம்கோ நகரைக் கிப்ரீத் நகர் என்றழைத்தாலும் பிழையாகாது.

சொல்லோடு சேர்ந்து அறிவும் அரபு நிலத்தில் வளர்ந்தது. 8ஆம் நூற்றாண்டினரான ஜாபிர் இப்னு ஹையானின் பெயரால் வழங்கும் நூல்கள், உலோகங்கள் யாவும் பாதரசமும் கந்தகமும் வெவ்வேறு அளவில் சேர்ந்து நிலத்தடியில் உண்டாயின என்று கூறின. அவருக்குப் பின் வந்த மருத்துவ அறிஞர் அல்-ராஸீ, பொருள்களை வகைப்படுத்துகையில் பொன், வெள்ளி, செம்பு, இரும்பு முதலானவற்றை 'அஜ்ஸாத்' அதாவது உடல்கள் என்றும், பாதரசம், கந்தகம், நவச்சாரம், ஆர்சனிக் சல்பைடு ஆகியவற்றை 'அர்வாஹ்' அதாவது ஆவிகள் என்றும் பிரித்தார். தீயில் நிற்பது உடல். தீயில் பறந்துபோவது ஆவி. ரூஹ், ஜஸத் என்னும் சொற்களை மதரஸாவில் கேட்டு வளர்ந்த மாணவர்க்கு இப்பிரிவு உடனே விளங்கும். நம் சித்த மருத்துவரும் இரசத்தையும் கந்தகத்தையும் கல்வத்தில் இட்டு அரைத்துக் கருநிறப் பொருளாக்கி, அதனை எரித்துச் செந்நிறமாக்கினர். உலோகமும் அலோகமும் சேரும் வினையே அதுவும். இங்கே அரைப்பதே போதும், தொடங்கிவைக்கத் தீ வேண்டுவதில்லை.

இங்கே ஒன்றை நேர்படச் சொல்ல விரும்புகிறேன். உலோகங்கள் பாதரசத்தாலும் கந்தகத்தாலும் ஆனவை என்னும் கொள்கை தவறு. இரும்பும் தனிமம், கந்தகமும் தனிமம். ஒன்றினுள் மற்றொன்று இல்லை. பொன்னாக்கும் இரசவாதம் இயலாது என்று இப்னு சீனாவே மறுத்துரைத்தார். "எல்லாம் முன்பே நம்மவர் கண்டவை" என்று மேடையில் முழங்குவது எளிது. அரபுப் பெருமைக்கும் தமிழ்ப் பெருமைக்கும் அது ஒருங்கே இழுக்கு. அவர்கள் உலையையும் வாலையையும் நிறுவிச் செய்துபார்த்தார்கள் என்பதே பெருமை. இரும்பைப் பற்றித் திருக்குர்ஆனில் 57ஆம் அத்தியாயம் அல்-ஹதீத் என்று பெயர் பெற்றிருப்பதை நாம் அறிவோம். அதனை ஓதுவோர் இரும்பின் இயல்பையும் ஆய்ந்தறிதல் ஓதலுக்கு உரம் சேர்க்கும் என்பது என் எண்ணம்.

இனி, வடசென்னை வாசிகளாகிய நமக்கு இச்சோதனை ஏன் வெறும் வகுப்பறை வேடிக்கை அன்று என்பதற்கு வருவோம்.

மேசையில் இருந்த மஞ்சட்பொடி எங்கிருந்து வருகிறது? எரிமலையிலிருந்து என்று மாணவர் சொல்வர். இன்று உலகில் பெரும்பகுதி கந்தகம் பெட்ரோலியத்திலிருந்தும் இயற்கை வாயுவிலிருந்தும் பிரித்தெடுப்பதே. 1969இல் இயங்கத் தொடங்கிய மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையிலும் இவ்வேலை நடைபெறுகிறது. கச்சா எண்ணெயில் கந்தகம் பலவகைச் சேர்மமாக ஒளிந்திருக்கும். ஹைட்ரஜனைச் செலுத்தி அதனை ஹைட்ரஜன் சல்பைடு வாயுவாக வெளிக்கொணர்ந்து, பின் காற்றுடன் வினைபுரியச் செய்து மஞ்சள் கந்தகமாக்குவர். 2020 ஏப்ரல் முதல் நாடு முழுதும் நடைமுறைக்கு வந்த பாரத் ஆறாம் நிலை விதிப்படி, பெட்ரோலிலும் டீசலிலும் ஒரு கிலோவுக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் கந்தகம் இருத்தல் ஆகாது. வண்டிப் புகையில் போகவேண்டியிருந்த கந்தகம் ஆலையிலேயே பொடியாகத் தங்குகிறது.

ஆனால் அந்த ஆலைகளின் தொட்டிகளும் குழாய்களும் எதனால் ஆனவை? இரும்பால். ஹைட்ரஜன் சல்பைடு துருப்பிடித்த இரும்பைத் தொட்டால், நம் சோதனைக் குழாயில் கண்ட அதே இரும்பு சல்பைடு, மிக நுண்ணிய பொடியாகத் தொட்டியின் உட்சுவரில் படிகிறது. தொட்டி மூடியிருக்கும் வரை அடங்கிக் கிடக்கும். பழுதுபார்க்கத் திறந்தவுடன் காற்றில் உள்ள ஆக்சிஜன் பட்டு, தீக்குச்சியின்றியே தானாகப் பற்றும். ஆகையால்தான் திறந்த தொட்டியின் உட்புறத்தை நீரால் நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது பணி விதி. வருடாந்திர 'ஷட்டவுன்' வேலைக்கு ஒப்பந்தக் கூலியாகச் செல்லும் இளைஞர் நம் மாணவர் குடும்பங்களில் பலர். தண்ணீரை ஏன் அடித்துக்கொண்டே இருக்கச் சொல்கிறார்கள் என்பதன் காரணம் அவர்களுக்கு எப்போதும் சொல்லப்படுவதில்லை.

சோதனையின் இறுதிப் படியும் இதனோடு தொடர்புடையது. கலவையின் மீது நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டால் இரும்பு மட்டும் வினைபுரிந்து மணமற்ற ஹைட்ரஜன் வரும். சேர்மத்தின் மீது விட்டால் அழுகிய முட்டை நாற்றத்துடன் ஹைட்ரஜன் சல்பைடு வரும். பழைய மாணவர்க்குக் கிப் கருவியும், உப்புப் பகுப்பாய்வு நாள்களில் ஆய்வகத் தாழ்வாரம் முழுதும் வீசிய வாடையும் நினைவிருக்கும். நம் அமர்வில் இப்படியை அவையில் செய்யவில்லை. புகைபோக்கிப் பெட்டிக்குள், இரண்டு துளி அமிலத்தோடு நிறுத்திக்கொண்டனர். அதுவே முறை.

ஏனெனில் இவ்வாயு கொடியது. பத்து இலட்சம் பங்கு காற்றில் 1 பங்குக்கும் குறைவாக இருந்தாலே மூக்கு அறிந்துகொள்ளும். ஆயின் 100 பங்கு அளவை எட்டும்போது சில நிமிடங்களில் முகரும் நரம்பு மரத்துப்போகும். நாற்றம் நின்றுவிடும். வாயு போய்விட்டது என்று மனிதன் எண்ணுவான்; வாயு போகவில்லை, மூக்குத்தான் போயிற்று. 700 பங்கைத் தாண்டினால் ஓரிரு மூச்சில் வீழ்த்திவிடும். காற்றைவிட 1.2 மடங்கு கனமானது, பள்ளத்தில் தங்கும்.

பாதாளச் சாக்கடையிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் இறங்கியோர் மாண்ட செய்திகளில் வரும் 'விஷவாயு' பெரும்பாலும் இதுவே. காற்றில்லா இடத்தில் வாழும் ஒருவகை நுண்ணுயிர்கள் கழிவில் உள்ள சல்பேட்டை உண்டு இதனை வெளிவிடுகின்றன. சேற்றைக் கிளறியதும் குமிழியிட்டு எழும். முதலில் இறங்கியவரைத் தூக்க இரண்டாமவர் இறங்குவதும், அவரைத் தூக்க மூன்றாமவர் இறங்குவதும் ஊரெங்கும் ஒரே கதை. மனிதரை இவ்வேலையில் இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்தது. இறந்தோர் குடும்பத்திற்கு 10 இலட்சம் ரூபாய் என 2014இல் உச்ச நீதிமன்றம் விதித்ததை, 2023 அக்டோபரில் 30 இலட்சமாக உயர்த்தியது. ஆயினும் தேசியத் தூய்மைப் பணியாளர் ஆணையத்தின் கணக்குகளில் தமிழகம் முன்வரிசையிலேயே நிற்கிறது. படகின் மீன் அறையில் அழுகிய மீனும் நீரும் பல நாள் அடைபட்டிருந்தாலும் இதே வாயு உண்டாகும் என்பதைக் காசிமேட்டு உறவினர் உள்ள மாணவர்கள் வீட்டில் சொல்ல வேண்டும். மூடியைத் திறந்து நெடுநேரம் காற்றோட விட்டு, மேலே ஒருவரை நிறுத்தி, கயிறு கட்டியன்றி இறங்கலாகாது.

முகத்தில் ஈரத்துணி கட்டிக்கொண்டால் போதாதா என்று ஒரு மாணவர் கேட்டார். அக்கேள்விக்கு இவ்வூரில் காரணம் உண்டு. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது மக்கள் அங்ஙனமே ஓடினர். அம்மோனியா நீரில் மிகுதியாகக் கரையும். ஆகவே ஈரத்துணி ஓரளவு தடுக்கும். ஹைட்ரஜன் சல்பைடு அவ்வளவு கரையாது. ஈரத்துணியை நம்பி இறங்குவது தற்கொலைக்கு நிகர். வாயுவுக்கு வாயு இயல்பு வேறு. பெயரறிதல் முதற்படி என்று நான் வகுப்பில் அடிக்கடி சொல்வது கலைச்சொல் மதிப்பெண்ணுக்காக மட்டுமன்று.

அமர்வுக்குப் பின் எண்ணூரைச் சேர்ந்த மாணவர் ஒருவர் கழிமுகத்துச் சேற்றை ஒரு புட்டியில் கொண்டுவந்தார். கன்னங்கரிய சேறு. கொசஸ்தலை ஆறு கடலோடு கலக்கும் இடத்தில் காலை வைத்தால் முழங்கால் வரை ஒட்டும் அதே கருஞ்சேறு. ஆலைக் கழிவும் சாம்பலும் அங்கே சேர்ந்திருப்பது உண்மையே. ஆயினும் இக்கருமைக்கு அவை மட்டுமே காரணம் அல்ல. காற்றுப்புகாத சேற்றில் அந்நுண்ணுயிர்கள் கடல்நீரின் சல்பேட்டிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடை உண்டாக்க, அது மண்ணில் உள்ள இரும்போடு சேர்ந்து கரிய இரும்பு சல்பைடு ஆகிறது. நாம் பர்னர் வைத்துச் செய்ததை அவை தீயின்றி, ஓசையின்றி, எத்தனையோ காலமாகச் செய்துவருகின்றன. கழிவு கூடக் கூட அவற்றிற்கு உணவும் கூடுகிறது. சேறும் மேலும் கறுக்கிறது.

புகைபோக்கிப் பெட்டிக்குள் வைத்து அச்சேற்றில் சில துளி அமிலம் விட்டோம். மேலே பிடித்த ஈய அசிட்டேட் தாள் கறுத்தது. எஞ்சிய சேற்றை ஒரு தட்டில் பரப்பி மேசையில் விட்டுவிட்டு வந்தோம். மறுநாள் காலை, காற்றுப்பட்ட மேற்பரப்பு பழுப்பாக மாறியிருந்தது. விரலால் கீறியபோது அடியில் இன்னும் கறுப்பு. குறிப்பேட்டில் அப்பழுப்பிற்கு அம்மாணவர் 'துரு' என்று எழுதியிருந்தார். அது சரியா என்று வேதியியல் நண்பரைக் கேட்டேன். இரும்பு ஆக்சிஜனோடும் நீரோடும் சேர்ந்த பொருள்தான், துறைமுகச் சங்கிலியில் காண்பதும் இதுவே, அச்சொல்லை மாற்ற வேண்டா என்றார்.